கைதட்டலுக்கு உரியவர் நான் அல்ல

பறவைகளைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான். ஒரு கட்டுரையில் மயில் உள்ளானின் படங்கள் இரண்டு. ஒன்றில் கழுத்தும் மார்பும் அடர்ந்த செம்பழுப்பு, கண்ணைச் சுற்றிப் பளிச்சென்று வெள்ளை. அதற்கு ‘கம்பீர ஆண்’ என்று படக்குறிப்பு கொடுத்தேன். மற்றதில் கோரைப்புல் ஓரம் மங்கிய பழுப்பில் ஒரு பறவை, காலடியில் குஞ்சுகள். அதற்கு ‘தாய்மை’.

இரண்டுமே தலைகீழ். மயில் உள்ளானில் பெண்தான் பெரியவள், நிறக்காரி. அந்தியில் குரல் கொடுத்துத் துணை தேடுவதும் அவள்தான். முட்டையிட்டதும் பெரும்பாலும் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடுவாள். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் தகப்பன் பொறுப்பு. தரையில் கூடு கட்டி உட்காருகிறவனை எதிரி கண்ணில் படாமல் காப்பது அந்த மங்கல் நிறம்.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பறவைக் கையேடு என் பையிலேயே இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பகட்டாக இருந்தால் ஆண் என்று மயில் பழக்கியிருந்தது. பிள்ளையைப் பார்ப்பவள் அம்மா என்று என் வீடு பழக்கியிருந்தது.

கல்லூரி மாணவி ஒருவர் கடிதம் போட்டார்: “சார், குஞ்சுகளோடு நிற்பது அப்பா.” நான் எழுதிய பதில்: “புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசாதேம்மா. களத்துக்கு வந்து பார்.” அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் கையேட்டைப் புரட்டினேன். அவர் சொன்னதே சரி.

அதோடு விடாமல் மேலும் படித்தேன். 1871இல் மனிதனின் மரபுவழி பற்றி டார்வின் எழுதிய நூலிலேயே இந்த உள்ளான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், காடையைப் போன்ற ஒரு சிறு பறவையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதிலும் பெண்தான் சண்டைக்காரி. தென்னிந்தியாவில் பறவை பிடிப்பவர்கள் ஒரு பெண்ணைக் கூண்டிலிட்டு வைப்பார்களாம். அதன் குரல் கேட்டு மல்லுக்கு வரும் மற்றப் பெண்கள் சிக்கிக்கொள்ளும். அவர்கள் ஆண், பெண் மாற்றி நினைத்தால் அன்றைய பிழைப்பு போச்சு. எனக்கோ தப்பாக எழுதியதற்கும் சன்மானம் வந்தது.

மாணவிக்கு மறுகடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பத்திரிகைக்குத் திருத்தமும் அனுப்பவில்லை. பிறகு ஒரு கூட்டத்தில், “நம் கண் எப்படி ஏமாறுகிறது பாருங்கள்” என்று ஆரம்பித்து, மயில் உள்ளான் கதையை நானே கண்டறிந்ததுபோலப் பேசினேன். நல்ல கைதட்டல். ஏமாந்த கண் என்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பறவையை மாற்றி எழுதியது அசட்டுத்தனம். அதைத் திருத்தியவரின் வாயை அடைத்துவிட்டு, அவர் சொன்னதையே என் சரக்காக விற்றது திருட்டு. முதலாவதை நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை இன்றுதான் சொல்கிறேன்.