கலான் மினாரும் தாஷ்கந்து அலுவலகமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் 192 அடியை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவனுக்கு உயரம் புதிதில்லை. உஸ்பெகிஸ்தானில், புகாரா நகரின் கலான் மினார் அதைவிடக் குட்டைதான், ஏறக்குறைய 150 அடி. ஆனாலும் கழுத்து வலிக்க நின்றேன். 1127இல் எழுந்தது. சுதைச் சிற்பம் ஒன்றுகூடக் கிடையாது. செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்கியே வளையம் வளையமாகக் கோலமிட்டிருக்கிறார்கள். செங்கிஸ்கான் விட்டுவைத்ததாகக் கதை. 1920இல் செம்படையின் குண்டுகள் விட்டுவைக்கவில்லை. அந்தக் காயத்தைச் செப்பனிட்டதும் சோவியத் ஆட்சிதான்!

துணைக்கு வந்தவன், சமர்கந்தில் மருத்துவம் படிக்கும் அக்கா மகன். ராஜபாளையத்தில் ‘சோவியத் நாடு’ இதழைப் புரட்டிய தலைமுறை நான். அதில் பார்த்த உஸ்பெகிஸ்தான் பருத்தியும் டிராக்டரும்தான். தொழுகை கண்ணில் பட்டதாக நினைவில்லை.

மினாருக்கு அருகிலேயே மீர் அரபு மதரஸா. வாசல் மண்டபத்தோடு பயணிகளை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே மாணவர்கள் ஓதுகிறார்கள். பள்ளிவாசல்களைப் பூட்டிய ஸ்டாலின், போர் நெருக்கடியில் முஸ்லிம்களின் ஆதரவு தேவைப்பட்டபோது, 1943இல் தாஷ்கந்தில் ஒரு சமய நிர்வாக அலுவலகம் அமைக்க இசைந்தார். அதன்கீழ் இந்த மதரஸா மறுபடி திறந்தது. சோவியத் ஒன்றியத்துக்கே பல ஆண்டுகள் இது ஒன்றுதான். மற்றபடி மார்க்கக் கல்வி வீட்டுக்குள் நடந்தது. ‘ஓதின்’ எனப்படும் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1991இல் கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று, அலுவலகம் போகவில்லை. கட்சியின் முதல் செயலாளர் இஸ்லாம் கரிமோவே அதிபர். தாஷ்கந்து சதுக்கத்தில் மார்க்ஸ் தலை இறங்கி, தைமூர் குதிரையேறினார். 1998இல் ஹதீஸ் தொகுத்த இமாம் புகாரியின் அடக்கத்தலம் புதுப் பொலிவு பெற்றது. அதே ஆண்டுச் சட்டம், பதிவில்லாமல் கூடி ஓதுவதைக் குற்றமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். கொடுமைக்குப் பேர்போன ஜஸ்லிக் சிறையை 2019இல்தான், அடுத்த அதிபர் மிர்சியோயெவ் மூடினார். ஒலிபெருக்கியில் பாங்கும் திரும்பியிருக்கிறது.

“தாடி?” என்றேன்.

“அதுக்கு இன்னமும் போலீஸ் கண்ணு உண்டு மாமா.”

வெள்ளிக்கிழமை உரைக்கும் தாஷ்கந்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். நம் ஊரில் அறநிலையத் துறை அதிகாரி உண்டியலை எண்ணுவார். திருப்பாவை உபந்நியாசத்தை எழுதித் தரமாட்டார்.

கலான் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வந்த கூட்டத்தில் பாதி, சோவியத் ஆட்சியைப் பார்த்தேயிராத இளைஞர்கள். செல்போனில் அவர்கள் கேட்கும் வெளிநாட்டு உரைகளுக்குத் தாஷ்கந்து ஒப்புதல் கிடையாது. அலுவலகத்தின் இன்றைய கவலை அதுதான்.