தெரிஞ்ச ஆள்

நிலத்துக்குக் கீழே சுடுதண்ணி ஓடவிட்டு ஒரு அறையைச் சூடாக்கலாம் என்று மாமா சொன்னபோது பகிடி விடுறார் என்றுதான் நினைச்சன். ஸ்காபரோவுக்கு வந்து அப்ப நாலு மாசம். அதுக்கு முதல் நான் கண்ட பெரிய குளிர், பள்ளிக்கூடத்தில் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பட்ட குளிர்தான்.

எல்லாம் அம்மம்மாவுக்காகத் தொடங்கினது. 82 வயது. ஊரில் சிவப்புச் சீமெந்து நிலத்தில் வெறுங்காலோட திரிஞ்ச மனுசி, இங்கே ரெண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பயந்துகொண்டிருந்தா. வீட்டில் இருக்கிறது காத்தைச் சூடாக்கி ஊதுற ஃபேர்னஸ். ஊதேக்க வெக்கை, நிண்டால் குளிர், இரவெல்லாம் வறட்டு இருமல். படி ஏறவும் ஏலாது. அதனால வீட்டுக்குப் பின்னால 300 சதுர அடியில் ஒரு அறையும் குளியலறையும் கட்டி, நிலத்துச் சூடு போடுறது என்று மாமா முடிவெடுத்தார்.

விஷயம் இதுதான். கொங்கிறீற் ஊத்த முதல் பிளாஸ்ரிக் குழாயை வளைச்சு வளைச்சு நிலம் முழுக்கப் பரப்புவினம். பெக்ஸ் என்று அதுக்குப் பேர். 35, 40 பாகைச் சுடுதண்ணி அதுக்குள்ள சுத்திச்சுத்தி ஓடும். நிலம் சூடாகி, அந்தச் சூடு சுவருக்கும் கட்டிலுக்கும் மனுசருக்கும் கதிர்வீச்சாப் போகும். கொரியாக்காரர் நூற்றாண்டுக் கணக்கா அடுப்புப் புகையை நிலத்துக்குக் கீழால விட்டு இதைத்தான் செய்தவை, ஒண்டொல் என்பினம். ஆனால் ஒரு சிக்கல். குழாயை வைச்சுக் கொங்கிறீற் ஊத்திப்போட்டால் அவ்வளவுதான். பிழை என்றால் உடைக்கத்தான் வேணும். ஃபேர்னஸ் சரியில்லை என்றால் கழட்டி எறியலாம், நிலத்தை எங்க எறியிறது?

மாமாவுக்கு ஆள் தேடுற பிரச்சினையே இருக்கேல்லை. ஊர் ஆள் ஒருத்தர் இருக்கிறார். 1994இல் மாமா வந்திறங்கினபோது எட்டு மாசம் படுத்தெழும்பினது அவற்ற தமையன்ர அப்பார்ட்மென்ற்றில. அந்தக் கடனை மாமா இண்டைக்கும் வாயால சொல்லமாட்டார், ஆனால் வீட்டில் ஒரு பைப் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மாமி குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்க முதலே எல்லாம் சொல்லி முடிச்சிட்டார். "அண்ணை, பெக்ஸ் ஒரு ரோல் 300 அடி. 12 இஞ்சி இடைவெளியில விட்டால் உங்கட 300 சதுர அடிக்கும் கணக்குச் சரி. பொயிலர் ஒண்டும் வேண்டாம், குளிக்கிற தண்ணிச்சூடாக்கியிலயே இழுத்துவிடலாம். பெர்மிட்டுக்கு ஓடித் திரிஞ்சால் மூண்டு மாசம் போயிடும்." நிலத்துக்குக் கீழ ஃபோம் போடுறதில்லையோ என்று மாமா கேட்டார். "அது வீண் செலவு அண்ணை. வெப்பம் மேலதானே போகும்."

நான் குசினி வாசலில் நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். எனக்கு இந்த வேலையைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனால் உயர்தரத்தில் பௌதிகம் படிச்சனான். மேல போறது சூடான காத்து, வெப்பம் இல்லை. வெப்பம் எந்தப் பக்கம் குளிரோ அந்தப் பக்கம் போகும்: கீழயும் போகும், பக்கத்தாலயும் போகும். கடத்தாறு, பரப்பளவு, வெப்பநிலை வித்தியாசம், தடிப்பு. ரியூசனில் நூறுதரம் போட்ட கணக்கு. சோதினைக்குப் பிறகு அது ஒருநாளும் தேவைப்படாது என்றுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

அவர் போனாப் பிறகு சொன்னன். மாமா முகத்தைப் பாராமல், "உனக்கு வந்து நாலு மாசம், அவர் இருபது வருசமா இதைச் செய்யிறார்" என்றார். மாமி ஒண்டும் பேசாமல் கோப்பையளை எடுத்துக்கொண்டு போனா. அண்டிரவு நான் சாப்பிடேல்லை என்பதையும் எழுதத்தான் வேணும், ஏனென்றால் அடுத்தநாள் மாமா இறங்கி வந்ததுக்கு என்ர பௌதிகத்தைவிட அதுதான் காரணமாயிருக்கும். "சரி, வேற ரெண்டு பேரிட்டக் கேள். கேக்கிறதுக்குக் காசில்லைத்தானே."

இரண்டாவது, குழாயும் பொயிலரும் விக்கிற ஒரு கடை. அவை வடிவமைப்பைச் சும்மா செய்து தருவினம். வடிவான கலர்ப் படம், குழாய் எல்லாம் அழகா வளைஞ்சு போகுது. ஆனால் வெப்பக் கணக்கு ஒரே வரிதான்: சதுர அடிக்கு 40 பிரியூ, மொத்தம் 12,000. எங்கட அறைக்கு எத்தினை யன்னல், சுவருக்குள்ள என்ன பஞ்சு என்று ஒருத்தரும் கேக்கேல்லை. கீழே விலைப்பட்டியலில் 80,000 பிரியூ காஸ் பொயிலர் ஒண்டு. சும்மா தந்த படத்தின்ர காசு எங்க இருக்குது என்று எனக்கு அப்பதான் விளங்கிச்சுது.

மூண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க ரெண்டு கிழமை எடுத்தது. ஒன்ராறியோவில் வீட்டு வெப்பமாக்கலுக்கு வரைபடம் போட்டுக் குடுக்கிறவைக்கு மாகாண அரசு ஒரு பதிவு இலக்கம் குடுக்கும், பி.சி.ஐ.என். என்று சொல்லுவினம். முதல்ல அதைக் கேட்டன். பிறகு, சி.எஸ்.ஏ. எஃப்280 முறையில் வெப்ப இழப்புக் கணக்குப் போடுவீங்களா என்று கேட்டன். அது கனடாவின்ர நியமம், ஒவ்வொரு சுவரையும் யன்னலையும் காத்து ஒழுக்கையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கிறது. பழைய வேலை ஒண்டின்ர வரைபடத்தைப் பேர், விலாசம் மறைச்சுக் காட்ட ஏலுமோ என்றும், ரெண்டு குளிர்காலம் கழிஞ்ச ஒரு வீட்டுக்காரரோட கதைக்க ஏலுமோ என்றும் கேட்டன். ரெண்டு பேர் திருப்பி அழைக்கவேயில்லை. ஒருத்தர் சிரிச்சார். ஒரு பெண் மட்டும் எல்லாத்துக்கும் ஓம் என்றா. பிறகு தானே கேள்வி கேக்கத் தொடங்கினா.

அந்தக் கேள்வியளாலதான் எனக்கு அவவில நம்பிக்கை வந்தது. நிலத்துக்கு மேல என்ன விரிக்கப் போறீங்கள், தரையோடா, மரமா, கம்பளமா? கட்டிலுக்குக் கீழ வெளி இருக்குமா, இல்லாட்டி நிலத்தோட முட்டுற கட்டிலா? அலுமாரி எந்தச் சுவரில? அம்மம்மா எத்தினை பாகையில சுகமா இருப்பா? அவ விரிப்புப் போட்டு நிலத்தில் இருக்கிற ஆளா? கடைசிக் கேள்விக்கு மாமி சிரிச்சிட்டா. அதைக் கேட்ட ஒரே ஆள் அவதான், நாங்கள் கூட யோசிக்கேல்லை.

அவவுக்கு ஆயிரம் டொலருக்குக் கொஞ்சம் குறைய. கணக்கும் வரைபடமும் மட்டும். பொயிலரும் விக்கமாட்டா, குழாயும் விக்கமாட்டா. மாமாவுக்கு இது விளங்கவேயில்லை. "ஒரு கடதாசிக்கு ஆயிரம் டொலரோ? அந்தக் காசுக்கு ஃபோமையே போட்டிடலாம்." அவர் கேட்டதும் நியாயம்தான். கையில பிடிக்கிற சாமானுக்குக் காசு குடுத்துப் பழகின சனம் நாங்கள். யோசிக்கிறதுக்குக் காசு குடுக்க மனம் வராது.

கணக்கு வந்தது. வெளியில் மைனஸ் 20, உள்ளே 22 என்று வைச்சு, அறைக்குத் தேவை 1,900 வாற்று. கிட்டத்தட்ட ஒரு மின்சாரக் கேத்தில். கடைக்காரர் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. இவ்வளவு சின்னத் தேவைக்கு 80,000 பிரியூ பொயிலரைப் பூட்டினால் அது பத்துவதும் அணையிறதுமா இருந்தே கெட்டுப்போகுமாம். சின்ன மின்சாரப் பொயிலர் காணும் என்று எழுதியிருந்தா. தண்ணிச்சூடாக்கி யோசனைக்கும் ஒரு பந்தி இருந்தது: குளிக்கிற தண்ணியையே நிலத்துக்குள்ளயும் விட்டால், கோடையில் மாசக்கணக்கா குழாயில தேங்கி நிண்ட தண்ணி திரும்பி ஷவருக்கு வரும். அதில் கிருமி வளரலாம். 82 வயது ஆளின்ர குளியலறை அது.

ஆனால் எங்களுக்குப் பிடிக்காத ஒண்டும் அதில் இருந்தது. பின்வளவு தெரியிற மாதிரி ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வேணும் என்பது மாமியின்ர கனநாள் ஆசை. மனுசர் கால் வைக்கிற நிலம் 29 பாகைக்கு மேல போகக்கூடாது, அது பொது அளவு. அலுமாரியும் குளியலறைச் சாமானும் நிக்கிற இடத்தைக் கழிச்சால் சூடு குடுக்கிறதுக்கு மிஞ்சுற நிலம் கொஞ்சம்தான். அந்தளவு கண்ணாடியோட கடுங்குளிர் இரவில நிலம் 29ஐத் தாண்டவேணும், இல்லாட்டி அறை குளிரும். கண்ணாடியைக் குறையுங்கோ, இல்லாட்டிச் சுவரில ஒரு ஹீற்றரும் பூட்டுங்கோ என்று எழுதியிருந்தா. மாமி ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. கண்ணாடி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைஞ்சது. இப்பவும் அந்தச் சுவரைப் பார்க்கேக்க எனக்கு ஒருமாதிரித்தான் இருக்கும்.

வரைபடத்தைக் கையில வைச்சுக்கொண்டு, வேலையை யாருக்குக் குடுக்கிறது என்ற கேள்வி வந்தது. மாமா ஊர் ஆளைத்தான் கூப்பிட்டார். அவர் வந்து படத்தைப் பார்த்தார். ஒரு ரோல் இல்லை, ரெண்டு லூப். கண்ணாடிக்குப் பக்கத்தில 6 இஞ்சி, நடுவில 12. கொமெட்டுக்குக் கீழ குழாய் போகக்கூடாது, அதின்ர மெழுகு வளையம் இளகும். நிலத்துக்குக் கீழ ரெண்டு இஞ்சி ஃபோம், ஓரத்திலயும் கட்டாயம். தேத்தண்ணி ஆறிப்போச்சுது. "என்னில நம்பிக்கை இல்லையெண்டால் நேர சொல்லியிருக்கலாம் அண்ணை" என்றார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியா, "தம்பி, நான் பெடிச்சியின்ர சொல்லுக் கேட்டனான்" என்றார். பழியை என்னில போட்டுத் தப்பினார். அது எனக்குப் பரவாயில்லை.

அவர் வேலையை எடுத்தார். இங்கதான் நான் ஒண்டைச் சொல்லவேணும்: குழாய் விடுறதில அந்த மனுசன் ஒரு விண்ணன். முழங்காலில நிண்டு, ஒரு வளைவும் நசியாமல், ஒவ்வொரு பிடியையும் இழுத்துப் பார்த்தார். குழாய்க்குள்ள 60 பிஎஸ்ஐ அமுக்கம் ஏத்தி, கொங்கிறீற் ஊத்தி முடியும்வரை அந்த மானியை விட்டு அசையேல்லை. ஊத்த வந்த பெடியன் ஒருத்தன் சவளால குழாயில தட்டப்போக, இவர் போட்ட சத்தத்தில பக்கத்து வீட்டு நாய் குரைச்சது. கணக்கில மட்டும் ஆளைக் கேக்கக்கூடாது. இருபது வருசமா ஒருத்தரும் அவரிட்டக் கணக்குக் கேக்கேல்லை, அவரும் போடேல்லை. அதுக்குப் பிறகு அவர் மாமா வீட்டுக்கு வாறது குறைஞ்சுபோச்சுது. கூப்பிட்டால் வருவார், தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

முதல் பனி கொட்டின கிழமை மாமா காலமை எழும்பிப் போய் அந்த அறையின்ர நிலத்தில கையை வைச்சுப் பார்த்தார். "சுடேல்லையே!" தேமொஸ்ராற்றை 26க்கு ஏத்தினார். பின்னேரம் வெக்கையில அம்மம்மா யன்னலைத் திறந்து வைச்சிருந்தா. கொங்கிறீற் சூடாகவும் மணித்தியாலக்கணக்கு, ஆறவும் மணித்தியாலக்கணக்கு. கார் மாதிரி மிதிச்ச உடன ஓடாது. அந்தப் பெண் இதை முதலே சொல்லியிருந்தா: எல்லாம் சரியா வேலை செய்தால் நிலம் சுடுற மாதிரித் தெரியாது, காலுக்குக் குளிராது, அவ்வளவுதான், உங்கட மாமா எனக்கு அழைப்பெடுப்பார் பாருங்கோ என்று. மாமா அழைப்பெடுத்தார். நான் தேமொஸ்ராற்றுக்கு மேல "தொடாதேங்கோ" என்று எழுதி ஒட்டினன்.

அம்மம்மாவுக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது. காலுறையைக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழ எறிஞ்சுபோட்டு, பாயை விரிச்சு நிலத்தில இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. "இஞ்ச வெயில் எங்கால வருது பிள்ளை?" என்று கேட்டா.