பெயர் தரும் ஐயமும் சாட்சி தரும் உறுதியும்

குவேக்கர்களின் பழைய பதிவேடுகளில் ‘வெள்ளிக்கிழமை’ கிடையாது, ‘ஜனவரி’யும் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானோரால் உருவான இச்சமயக் குழுவினர், கிழமைகளும் மாதங்களும் பழைய தெய்வங்களின் பெயர்களைச் சுமந்திருப்பதை ஏற்கவில்லை. ஞாயிறு ‘முதல் நாள்’ ஆயிற்று; வெள்ளி ‘ஆறாம் நாள்’ ஆயிற்று. எதிரே நிற்பவர் எவ்வளவு உயர்ந்த பதவியினராயினும் ஒருமையிலேயே விளித்தனர். மொழியியல் மாணவர்கள் பலர் குவேக்கர்களை முதலில் சந்திப்பது இந்த ஒருமை விளியின் வழியாகத்தான். நானும் அவ்வாறே அறிமுகம் ஆனேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை அவர்களின் பதிவேடுகள்.

அவர்களுக்குக் குருமார் இல்லை; திருமுழுக்கும் இல்லை. ஆகவே திருச்சபையின் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஒவ்வோர் ஊரின் ‘மாதக் கூட்டமும்’ தானே எழுதி வைத்தது. மணம் செய்ய விரும்பும் இருவர் தம் எண்ணத்தைக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும்; வேறு எவருக்கேனும் வாக்குக் கொடுத்துள்ளனரா எனச் சிலர் விசாரித்து வருவர்; மணநாளில் வந்திருந்தோர் சாட்சிகளாகச் சான்றிதழில் கையொப்பமிடுவர். ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தால், பழைய கூட்டம் புதிய கூட்டத்திற்குச் சான்றுமடல் கொடுத்தனுப்பும். அடிமைமுறையை வெறுத்து வட கரோலினாவை விட்டு ஒஹாயோவுக்கும் இண்டியானாவுக்கும் சென்ற குடும்பங்களை இன்றும் ஊர் ஊராகப் பின்தொடர முடிவது இம்மடல்களால்தான். வில்லியம் வேட் ஹின்ஷா 1936 முதல் வெளியிட்ட குவேக்கர் குடிவழிக் கலைக்களஞ்சியம் இத்தகைய பதிவுகளின் சுருக்கமே.

இத்தனை சான்றுகள் இருந்தும், முன்னோரைத் தேடுவோர் பெரும்பாலும் குடும்பப் பெயரையே முதலில் பற்றுகின்றனர். ஒரே பெயர் என்றால் ஒரே குருதி என்னும் நம்பிக்கை எளிதானது. ஆனால் பெயரின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பென்சில்வேனியாவில் குடியேறிய வேல்ஸ் நாட்டுக் குவேக்கர்களை எடுத்துக்கொள்வோம். வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்பது ‘மகன்’ என்று பொருள்படும். ‘அப் ரீஸ்’ காலப்போக்கில் பிரைஸ் ஆயிற்று. ‘அப் ஹியூ’, பியூ ஆயிற்று. 1698இல் க்வினெத் என்னும் இடத்தில் குடியேறிய தாமஸ், ராபர்ட், ஓவன், கட்வாலடர் ஆகிய சகோதரர்களின் தந்தை பெயர் எவான்; எனவே அவர்கள் எவான்ஸ் ஆனார்கள். எவான் என்ற தந்தையர் எத்தனை பேரோ, அத்தனை எவான்ஸ் குடும்பங்கள் தோன்றியிருக்கலாம். ஒரு தலைமுறையின் தந்தை பெயர் அப்படியே உறைந்துபோனதுதான் அந்தக் குடும்பப் பெயர்.

தமிழருக்கு இது புதிதன்று. வடக்கே நான் பயிலும் இடத்தில் விண்ணப்பப் படிவத்தின் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் என் தந்தையின் பெயரை எழுத நேர்ந்தது. எங்கள் துறையிலேயே மற்றொரு தமிழ் மாணவருக்கும் அதே ‘குடும்பப் பெயர்’. நீங்கள் உடன்பிறந்தவர்களா என்று அலுவலர் இயல்பாகக் கேட்டார். எங்கள் இருவரின் தந்தையருக்கும் ஒரே பெயர் வாய்த்தது தவிர எங்களுக்குள் எந்த உறவும் இல்லை. நூறாண்டு கழித்து அந்தப் படிவங்களைப் புரட்டும் ஒருவர் எங்களை ஒரே கிளையில் பொருத்திவிடக்கூடும்.

பதிவேட்டையும் அதன் மொழியறிந்தே படிக்க வேண்டும். 1752க்கு முன் அவர்களின் ‘முதல் மாதம்’ மார்ச். 1700ஆம் ஆண்டின் ‘பன்னிரண்டாம் மாதம்’ என்பது நம் கணக்கில் 1701 பிப்ரவரி. கூட்டத்துக்கு வெளியே மணந்தவர் விலக்கப்பட்டார். அந்தச் செய்தி ஓரிரு சொற்சுருக்கங்களில் அடங்கிவிடும். அதன்பின் அவருடைய பிள்ளைகள் பெரும்பாலும் ஏட்டில் தோன்றுவதில்லை. ஒரு கிளை அங்கே முறிந்ததாகத் தோன்றினால் குடும்பம் அழிந்தது என்று பொருளில்லை. சமூகம் அவர்களை எழுதுவதை நிறுத்திவிட்டது என்றே பொருள்.

எழுதப்படாதவர்களின் கதைக்கு பவுல் கஃபியின் குடும்பம் சான்று. அவருடைய தந்தை கோஃபி, மேற்கு ஆப்பிரிக்க அக்கான் இனத்தவர். சிறுவயதில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, மாசசூசெட்சில் ஸ்லோகம் என்ற குவேக்கர் குடும்பத்தின் உடைமையாக இருந்து, 1740களில் விடுதலை பெற்றவர். தாய் ரூத் மோசஸ், வாம்பனோவாக் பழங்குடியைச் சேர்ந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் பவுலும் உடன்பிறந்தோர் பலரும் ஸ்லோகம் என்ற பெயரைக் கைவிட்டு, தந்தையின் இயற்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டனர். கப்பல் உரிமையாளராக உயர்ந்த பவுல், 1808இல் வெஸ்ட்போர்ட் மாதக் கூட்டத்தில் உறுப்பினரானார்.

ஸ்லோகம் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் அது அவருடைய தந்தையை உடைமையாகக் கொண்டிருந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தந்தையின் மண்ணிடம் சேர்க்காது. கோஃபி என்றால் அக்கான் மொழியில் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகன். வெள்ளி என்ற சொல்லையே விலக்கிய சமூகத்தின் ஏட்டில், வெள்ளிக்கிழமை ஒரு மனிதனின் பெயராக வந்து நின்றது. ஒரு பெயர் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, யார் தேர்ந்தது என்று கேட்காமல் குடிவழி வரைவது, வென்றவர்களின் குடிவழியை மட்டும் வரைவதாகிவிடும்.

ஆகவே பெயரைக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடை வேறிடத்தில் இருக்கிறது: சான்றிதழின் அடியில் கையொப்பமிட்டவர் யார், சான்றுமடல் எந்த ஊரிலிருந்து வந்தது, விலக்கப்பட்டவருக்காகப் பேசியவர் எவர். தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இம்முறையே பயன்பட்டது. என் பெற்றோர் திருமணத்தின் மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. பாட்டியின் பிறந்த ஊரை வீட்டில் எவரும் உறுதியாகச் சொன்னதில்லை. அந்த நோட்டில் ஒரே சிற்றூரிலிருந்து வந்து மொய் எழுதிய பதினொரு பேர் சொன்னார்கள்.