ஆலப்பி கிரீன்

சென்னையிலிருந்து போடிக்கு ரயில் டிக்கெட் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1996-ல் மெட்ராஸ் சென்னையாச்சு. 2019-ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. ஆனால், டிக்கெட்டில் அந்த ஸ்டேஷனின் குறியீடு இன்னமும் எம்.ஏ.எஸ்.தான்! மெட்ராஸின் 'எம்' நகராமல் உட்கார்ந்திருக்கிறது.

அது ஏதோ சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன், போடியில் மச்சானின் ஏலக்காய்க் கடையில் நடந்ததைப் பார்க்கும்வரை.

கடைக் கம்ப்யூட்டரில் எப்போதோ ஒரு புண்ணியவான் எழுதிக்கொடுத்த கட்டளைகள் இருக்கின்றன. 'ஆர்பிடி-1' என்று தட்டினால் இருப்புக் கணக்கு ரிப்போர்ட் வரும். 'ஆர்பிடி-2' தட்டினால்? ரிப்போர்ட் வராது. அன்றைய கணக்கு இன்னொரு டிஸ்க்கில் நகலாகும். ஏன் இந்தப் பெயர்? எழுதினவருக்கே வெளிச்சம்.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த மருமகன் இரண்டாவதுக்கு 'பேக்கப்' என்று பெயர் மாற்றினான். நல்ல பெயர். பி.காம். படித்த எனக்கே புரிகிறதே! ஆனால், தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் தானாக எழுந்து 'ஆர்பிடி-2'வைக் கூப்பிடும். அது அவனுக்குத் தெரியாது. மனுஷனாக இருந்தால், 'எங்கேடா போச்சு?' என்று சத்தம் போட்டிருப்பான். ஸ்கிரிப்ட் போடாது. 'அப்படியொரு கட்டளை இல்லை' என்கிற பதில், யாரும் திறந்து பார்க்காத ஃபைலில் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு மாசம் கழித்து டிஸ்க் படுத்துவிட்டது.

இரண்டு மாசக் கணக்கும் போச்சு. ஜி.எஸ்.டி. கட்டும் தேதி நெருங்க, பில் புத்தகங்களை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி நானும் உட்கார்ந்தேன். மச்சான் மகனைத் திட்டவில்லை. ஒரு மூட்டையைக் காட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படி."

"ஏ.ஜி.இ.பி.ப்பா."

ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. ஏழு மில்லிமீட்டர் முதல்தரக் காய். விளைவது என்னவோ இடுக்கி மலையில். ஆலப்பியே 1990-ல் ஆலப்புழா ஆகிவிட்டது. "ஊரு பேரு மாறுச்சு, மூட்டைப் பேரை மாத்துனாங்களா? மாத்துனா வாங்குறவன் எதைன்னு கேப்பான்?"

பெரிய இடத்திலும் இந்தக் கூத்து உண்டு. லினக்ஸில் 'ஈகிரெப்' என்று ஒரு தேடல் கட்டளை. அது பழசு, 'கிரெப் -இ' என்று எழுதுங்கள் என 2007-லேயே சொல்லிவிட்டார்கள். 2022-ல் அதையே ஓர் எச்சரிக்கை வரியாகத் திரையிலும் காட்டவைத்தார்கள். கட்டளை வழக்கம்போல வேலை செய்தது. அந்த ஒற்றை வரிக்கே பல ஸ்கிரிப்டுகள் தடுமாறின!

மருமகன் இப்போது 'ஆர்பிடி-2' என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைல் வைத்திருக்கிறான். அதன் ஒரே வேலை, 'பேக்கப்'பைக் கூப்பிடுவது. யார் எந்த நேரத்தில் பழைய பெயரைச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டிலும் எழுதிவைக்கும்.

"நோட்டு காலியா இருந்தா பழைய பேரை எடுத்துடலாம், மாமா" என்றான்.

ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். ஒரு வரி விழுந்தது.