அழகு செய்யும் கருவியும் அப்பாவின் கணக்கும்

சிரம்பானை அடுத்த லாபு பக்கம் எங்கள் தோட்டம். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. அப்பா பால் வெட்டிய காலத்தில் எழுதிய எடைக்கணக்குப் புத்தகம் மட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வரி. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். ஓய்வுநாளான ஞாயிற்றில் ஒரு பூஜ்யம்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றினேன். பைத்தான் மொழியில் ஒரே பட்டியல்தான். ஆனால் அப்பாவைப் போலவே வரிக்கு ஏழு எண்களாகத் தட்டினேன். முடித்த கையோடு, பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று பிளாக் என்னும் சீரமைப்புக் கருவியை ஓட்டினேன்.

2018இல் வந்த கருவி அது. வரிக்கு 88 குறிகள் என்பது அதன் இயல்பான அளவு. அதற்குள் அடங்காத பட்டியலை, எண்ணுக்கு ஒரு வரியாகப் பிரித்துவிடும். நிரலின் பொருள் மாறவில்லையா என்றும் சரிபார்த்துக்கொள்ளும். மாறவில்லைதான், கணினியைப் பொறுத்தவரை! பட்டியலின் அடைப்புக்குறிக்குள் இடைவெளியும் வரிமுறிவும் அதற்கு வெறும் வெற்றிடம். ஏழேழாக நின்ற என் நிரைகள் கிணற்றுக்கயிறு போல நீளமாகத் தொங்கின.

இத்தகைய கருவிகளை நான் குறை சொல்லவில்லை. நான்கு பேர் சேர்ந்து செய்யும் பாடத்திட்ட வேலையில், யார் எத்தனை இடைவெளி விடுவது என்ற சண்டையை அவைதாம் தீர்த்து வைக்கின்றன. நண்பர்களே, அந்தச் சண்டையை நீங்களும் போட்டிருப்பீர்கள். ஆனால் எழுதியவர் ஒரு காரணத்தோடு அடுக்கியதை அவற்றால் அறிய முடியாது.

மறுநாள் அச்செடுத்த கணக்கை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏய்யா, சனிக்கிழமையில நான் எப்ப வேலைக்குப் போகாம இருந்தேன்?"

மூன்றாம் வாரத்திலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் பூஜ்யம். ஞாயிறு தோறும் பால் எடை. எங்கேயோ ஓர் எண்ணை விட்டிருக்கிறேன். அதன் பின்னால் வந்தவை எல்லாம் ஒருநாள் முன்னே நகர்ந்துவிட்டன. அந்த நீளக் கயிற்றில் எங்கே என்று தேடுவது? சீரமைக்காமல் இருந்திருந்தால், ஆறே எண்களோடு குட்டையாக நிற்கும் வரி தானாகக் கண்ணில் பட்டிருக்கும்.

'இந்தப் பகுதியைத் தொடாதே' என்று கருவிக்குச் சொல்லும் குறிப்பு வரியைப் பட்டியலுக்கு மேலே எழுதினேன். பிறகு மீண்டும் ஏழேழாக அடுக்கினேன். அப்பா புத்தகத்தை விரித்து விரலால் காட்டினார். மூன்றாம் வாரம், புதன்கிழமைக் கட்டம். அதில் எண்ணே இல்லை. 'மழை' என்று எழுதியிருந்தார்.