"இந்த வாரம் யாரு வரல?"

1/
போன வாரம் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. மகன் ஜார்ஜியாவுல எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம். "நல்லா இருக்கேன்மானு சொல்றான் டாக்டர், ஆனா வீடியோ கால் மட்டும் வர மாட்டேங்கிறான்."

நானும் திபிலிசியில் படிச்சவன்தான். அந்த "நல்லா இருக்கேன்மா"வை நானும் சொல்லியிருக்கேன். அவங்க சம்மதத்தோட இந்த இழை.

2/
ரெண்டாம் வருஷம் பயோகெமிஸ்ட்ரியில் ஃபெயில். வீட்டுல லோன் போட்டுப் படிக்க வெச்சாங்க. விஷயத்தைச் சொல்ல வாய் வரல. கிளாஸ் போறதை நிறுத்தினேன். திரையை இழுத்து மூடிட்டுப் படுத்தா பகலா ராத்திரியான்னு தெரியாது. பன்னிரண்டு நாள்.

3/
பதின்மூணாம் நாள் கதவைத் தட்டுனது அஞ்சாம் வருஷம் படிச்ச ஒரு மலையாளி சேச்சி. கையில கஞ்சி, பயறு. "ரெண்டு வெள்ளிக்கிழமையா உன்னைக் காணோமே?" அவ்வளவுதான் கேட்டாங்க. மார்க் கேட்கல, பைபிளும் எடுக்கல.

4/
வெள்ளிக்கிழமைன்னா ஜீசஸ் யூத். 1985-ல் கேரளாவில் இந்தப் பேர் வாங்கிய கத்தோலிக்க இளைஞர் இயக்கம். 2016-ல் வத்திக்கான் அங்கீகாரம் கிடைச்சுது. கேரளத்துப் பிள்ளைங்க படிக்கப் போன ஊருக்குப் பெட்டியோட இதையும் கொண்டு போனாங்க. எங்களுக்கு அது ஒரு ஃபிளாட், ஒரு கிட்டார், இருபது பேர். ஒரு மணி நேரம் ஜெபம், அப்புறம் சோறு.

5/
ஜார்ஜியா கிறிஸ்தவ நாடுதான், ஆனா ஆர்த்தடாக்ஸ். அவங்க கிறிஸ்துமஸ் ஜனவரி 7. டிசம்பர் 25 அங்க சாதாரண வேலை நாள். தூத்துக்குடிக்காரன் நான், முதல் வருஷம் அன்னைக்கு லேப்ல நின்னேன். அந்த ஃபிளாட்ல மட்டும் ஸ்டார் தொங்குச்சு.

6/
வந்தவங்க எல்லாரும் கத்தோலிக்கர் இல்ல. என் மதுரை நண்பன் சோத்துக்காகவே வருவான், அவனே ஒத்துக்குவான். யாரும் அவனை மாத்தப் பார்க்கல. கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பாங்க: "இந்த வாரம் யாரு வரல?" வராத ஆளைப் போய்ப் பார்க்க ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும்.

7/
எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். "உனக்கு விசுவாசம் போதல, அதான்" என்றார் ஒரு அண்ணன். ஏற்கனவே தோத்தவனுக்கு அது இன்னொரு ஃபெயில். சேச்சிதான் "ஜெபமும் பண்ணலாம், டாக்டரையும் பார்க்கலாம்"னு மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. டிப்ரஷன். எட்டு மாசம் மாத்திரை.

டாக்டரா சொல்றேன்: என்னைக் குணமாக்கினது சிகிச்சை. ஆனா நான் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சது அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம்.

8/
இப்ப படிக்கிற பிள்ளைங்களுக்கு இன்னும் பாரம். 2021 விதிப்படி அங்க குறைஞ்சது 54 மாசம் படிப்பு, 12 மாசம் இன்டர்ன்ஷிப். திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ-யில் 300-க்கு 150 எடுக்கணும். அப்புறம் இங்கேயும் 12 மாசம். ஒரு பேப்பர் போனா எல்லாமே போச்சுன்னு தோணும்.

9/
பெத்தவங்களுக்கு:
- மார்க்கை விடுங்க. "நேத்து ராத்திரி யாரோட சாப்பிட்ட?"ன்னு கேளுங்க.
- ரூம்மேட் நம்பர் வாங்கி வைங்க.
- தூக்கம், சாப்பாடு, கிளாஸ் ரெண்டு வாரமா தடுமாறினா டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. சாகணும்ங்கிற பேச்சு வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க.

பிள்ளைங்களுக்கு: சர்ச்சோ, தமிழ் நண்பர்களோ, கிரிக்கெட் டீமோ, நீங்க வரலைன்னா தேடுற ஒரு இடம் வெச்சுக்கோங்க. ஊர் திரும்பி எஃப்எம்ஜிஇ-க்குப் படிக்கிறவங்க டெலி மானஸ் 14416-க்கு எப்ப வேணா கூப்பிடலாம். இலவசம், தமிழ்லயே பேசலாம்.

10/
நேத்து அந்த அம்மா மெசேஜ் போட்டாங்க: "வீடியோ கால் வந்தான் டாக்டர். தாடி வளர்ந்திருக்கு, இளைச்சிருக்கான். ரூம்மேட் நம்பர் குடுத்தான்."