அலைகல் பதித்த கடற்கரை: புதுச்சேரியில் இரண்டு நாள்

காந்தி சிலைக்குப் பின்னால் கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறிய நாங்கள், பைகளை விடுதியில் போட்டு முகம் கழுவிய கையோடு கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டோம். நாங்கள் என்றால் நானும் என் அத்தையும். நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊரில் அறுபத்தைந்து வருடம் வாழ்ந்தவர் அத்தை. தீர்த்தமாட ராமேசுவரம், திதி கொடுக்கத் தேவிபட்டினம் என்று காரியத்துக்காகக் கடலுக்குப் போயிருக்கிறார். கடலைப் பார்ப்பதற்கென்றே ஒரு தடவையும் போனதில்லை. தை அறுவடை முடிந்ததும் அவரே கேட்டார்: "ரெண்டு நாளு சும்மா கடலப் பாத்துக்கிட்டு இருந்துட்டு வரணும்யா."

அந்தச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. அதனால் விடியற்காலையில் அலைச்சத்தம் தெளிவாகக் கேட்டது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களின் நினைவிடம், 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி, தெற்கு முனையில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சு சிலை என்று ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருநூறு ஆண்டு வரலாறு நிற்கிறது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தையின் கண் அதிலெல்லாம் இல்லை. சாலையோரச் சுவருக்குக் கீழே கடலுக்குள் சரிந்து கிடந்த கருங்கற்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏய்யா, கண்மாக் கரைக்கு அலைகல் பதிச்ச மாதிரியில்ல இருக்கு! கடக்கரைன்னா மணல்ல இருக்கணும்? மணல் எங்க?"

எங்கள் பக்கம் கண்மாய் நிறைந்து காற்றடித்தால் அலை கரையை அரிக்கும். அதைத் தடுக்க உள்வாய்ப் பக்கம் பதிக்கும் கல்தான் அலைகல். அது கிடக்கும் இடத்தில் அரிப்புக்குப் பயந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாழ்நாளில் முதல்முறை புதுச்சேரியைப் பார்த்த ஒருவர், பத்து நிமிடத்தில் அந்த ஊரின் பெரிய காயத்தில் கைவைத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு நாளும் அந்தக் கேள்வியின் பின்னாலேயே போயின.

வடக்கே நடந்து வைத்திக்குப்பம் வந்தோம். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் அத்தை நேராகவே கேட்டார். "ஏண்ணே, இங்கன மணலே கிடையாதா?"

"ஏம்மா இல்லாம? சின்ன வயசுல இதே இடத்துல கரைவலை இழுத்திருக்கேன். மணல் தெக்கேருந்து வந்துகிட்டே இருக்கும். துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள கல்லு கொட்டுனாங்க. அங்கயே நின்னு போச்சு."

அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "வரத்துக்கால அடைச்சுட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்தான் வரத்துக்கால்.

புதுச்சேரியின் கடலரிப்பைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். இத்தனை சுருக்கமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை; ஆற்றைப்போல ஓடிக்கொண்டே இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. ஓடிவந்த மணல் அங்கே தட்டி நின்றது. வடபக்கத்துக் கரையிலிருந்த மணலை அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது. ஈடுகட்டப் புது மணல் வரவில்லை. சில ஆண்டுகளில் கடல் சாலையைத் தொட்டது. சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அடுத்து அரிப்பு வடக்கே நகர்ந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை மீனவர் வீடுகளைக் கடல் கொண்டது. அங்கும் கல் கொட்டினார்கள்.

இப்படி நடக்கும் என்பது தெரியாமல் நடந்துவிடவும் இல்லை. தெற்கே சேரும் மணலை இயந்திரத்தால் வடக்கே அனுப்பும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. மடை கட்டிய கையோடு மராமத்தை மறந்த கதைதான்.

முதியவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கிருதுமால் நதிதான் நினைவுக்கு வந்தது. மதுரையிலிருந்து எங்கள் நரிக்குடிப் பகுதிக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நதி அது. நகரத்துக்குள் சாக்கடையாகவும் கட்டடங்களுக்கு இடையே ஓடையாகவும் சுருங்கிக் கிடக்கிறது. விரகனூர் மதகணையிலிருந்து அதில் வைகைத் தண்ணீர் விடுங்கள் என்று எங்கள் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேலே ஒருவர் அடைத்தால் கீழே ஒருவர் வாடுவார் என்பதைக் கடைமடைக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். வைத்திக்குப்பத்து முதியவரும் கடைமடைக்காரர்தான். அவருக்கு வராமல் போனது மணல், எங்களுக்குத் தண்ணீர்.

வெயில் ஏறியதும் பாரதி பூங்காவுக்குப் போய் மரநிழலில் உட்கார்ந்தோம். நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் தாசி ஆயியின் கதையைச் சொன்னேன். பின்னாளில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அவள் பெயரில் எழுப்பிய மண்டபம் அது. அத்தை எழுந்துபோய்த் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குளம் வெட்டுனவ சாமிதான்யா" என்றார். பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரம் முழுக்கச் சுற்றியும் அவர் கும்பிட்டது அந்த ஒரு மண்டபத்தைத்தான்.

மாலையில் தலைமைச் செயலகத்தின் எதிரே நாங்கள் எதிர்பாராத ஒன்று காத்திருந்தது: மணல். குழந்தைகள் குழி தோண்டினார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றார்கள். 2018-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தினர் இங்கே கடலுக்குள் ஆப்பு வடிவில் இரும்பாலான ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அது அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்கவைக்கிறது. காணாமல்போன கடற்கரையில் ஒரு துண்டு, முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. கெடுத்ததைச் சரிசெய்யவும் மனிதனால் முடியும் என்பதை அங்கே காலடியில் உணர்ந்தேன். அத்தை கணுக்கால் நனைய நின்றார். அலை திரும்பும்போது பாதத்துக்கடியில் மணல் அரித்து ஓடுவதைக் குனிந்து பார்த்தார். "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்று சிறுபிள்ளைபோலச் சொன்னார்.

இரண்டாம் நாள் ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம் போனோம். ஆடி மாதச் செங்கழுநீரம்மன் தேரோட்டத்துக்குப் பேர்போன ஊர்; பிரெஞ்சுக் கவர்னர் வடம்பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கத்தை இன்றைய துணைநிலை ஆளுநர்களும் தொடர்கிறார்கள். தென்னந்தோப்பைத் தாண்டியதும் அத்தை நின்றுவிட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் அகன்ற மணல். படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கடல், ஒரே அலை. அங்கே கருங்கல், இங்கே மணல்மேடு. நடுவில் நிற்பது ஒரு கற்சுவர். புத்தகத்தில் எத்தனை வரைபடம் பார்த்தாலும் இப்படிப் புரியாது.

திரும்பும் வழியில் அரிக்கமேடு. மரங்களும் மண்மேடும் பழைய செங்கற்சுவர்களும் அமைதியும்தான் அங்கே இருக்கின்றன. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானிய உலகத்தோடு வணிகம் செய்த துறை இது என்று உறுதிசெய்தார். இங்கே கிடைத்த மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் அதற்குச் சாட்சி. என்னை யோசிக்க வைத்தது அந்தத் துறை இருந்த இடம்தான். அது அரியாங்குப்பம் ஆற்றின் ஒதுக்கில், அலைக்கு மறைவாக இருந்தது. 1674-இல் பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து நிலைகொண்ட பிறகோ, பிரெஞ்சுக் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டே நின்றன. சரக்கையும் ஆளையும் கரைசேர்த்தவை நம்மவர்கள் ஓட்டிய சலங்குப் படகுகள். பின்னாளில் கப்பல்களுக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தை 1952 புயல் தகர்த்தது. அதன் இரும்புக் கால்கள் இன்றும் கடலில் தெரிகின்றன. அடுத்துக் கட்டியதன் ஒரு பகுதி 2022-இல் இடிந்து விழுந்தது. கடலோடு ஒத்துப்போன துறைக்கும் கடலை மறித்த துறைக்கும் உள்ள வேறுபாட்டை, இந்தச் சின்னஞ்சிறு கடற்கரை முழுமையாகக் காட்டிவிடுகிறது.

புதுச்சேரிக்கு இரண்டு நாள் போகிறவர்கள் பிரெஞ்சுத் தெருப்பெயர்ப் பலகையையும் மஞ்சள் சுவர்களையும் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகான ஊர்தான். அதோடு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கடற்கரைச் சாலைக் கல்லையும் வீராம்பட்டினத்து மணலையும் ஒரே நாளில் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கல்லில் இறங்கிக் குளிக்க மட்டும் விடாதீர்கள். அந்த அலை ஆளை இழுத்துவிடும்.

நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து என் மக்களுக்கு இன்னொரு வார்த்தை. ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் கண்மாய் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பாருங்கள். சீமைக்கருவேலோ மண்மேடோ யாருடைய வேலியோ அதை அடைத்திருந்தால், அந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். கடல் மணலை அடைக்கச் சில ஆண்டே போதுமாயிருந்தது. ஒரு துண்டுக் கடற்கரையைத் திரும்பப் பெறப் புதுச்சேரிக்கு முப்பது ஆண்டு ஆயிற்று.